டயர் பார்த்த தங்கவேல் அண்ணன்

தங்கவேல் அண்ணன் போய்விட்டார்.

காலையில் பழைய கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் மெசேஜ். நல்லூரில், அவர் வீட்டில், தூக்கத்திலேயே... ஹார்ட் அட்டாக் என்கிறார்கள்.

உங்களில் பலருக்கு அவரைத் தெரியாது. பனியன் பெட்டிகளைத் தூத்துக்குடி துறைமுகத்துக்குக் கொண்டுபோகும் லாரி கம்பெனியில் டயர் இன்சார்ஜ். அங்கே நான் டிஸ்பாட்ச் சூப்பர்வைசராக ஆறு வருடம் இருந்தேன்.

டிரைவர்கள் டயரைக் கம்பியால் தட்டிச் சத்தம் கேட்டுவிட்டு வண்டியில் ஏறிவிடுவார்கள். அண்ணன் விடமாட்டார். காலையில், வண்டி ஓடிச் சூடாவதற்கு முன்பே, ஒவ்வொரு டயருக்கும் கேஜ் வைத்துக் காற்றுப் பார்ப்பார்.

பின்னால் ஜோடியாக இருக்கும் டயர்களில் உள்பக்க டயரை எல்லோரும் விட்டுவிடுவோம். அவர் லாரிக்கு அடியில் படுத்து அதையும் பார்ப்பார்.

டயர் இடுக்கில் மாட்டிய கல்லை ஸ்க்ரூடிரைவரால் நோண்டிக்கொண்டே மகளிடம் போனில் பேசுவார். "சாப்டியா கண்ணு?" தினமும் அதே கேள்விதான்.

ஒன்று சொல்ல வேண்டும். இதுவரை இங்கே எழுதியதில்லை.

ஒரு ஷிப்மென்ட் நாள். துறைமுகத்தில் பெட்டியை ஒப்படைக்கக் கெடு நெருங்கிவிட்டது. செல்வராஜ் ஓட்டும் லாரியின் முன்டயரில், பக்கவாட்டில், எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு வீக்கம்.

"இது போகக்கூடாதுங்க தம்பி. ஒரு மணி நேரம் குடுங்க, மாத்தீட்டு அனுப்பலாம்."

"நேரமில்லீங்கண்ணா. உங்களுக்கு எல்லா டயருமே கோளாறாத்தான் தெரியும்."

கத்தினேன். அத்தனை டிரைவர்கள் முன்னாலும். அவர் கையைத் துடைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார். வண்டி போனது.

தாராபுரம் தாண்டியதும் அந்த டயர் வெடித்தது. ஸ்டியரிங் ஒரு பக்கமாக இழுக்க, லாரி ரோட்டோரப் பள்ளத்தில் இறங்கியது. செல்வராஜுக்கு வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. உயிர் தப்பியதே பெரிது.

மறுநாள் முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"ஏனுங்க தங்கவேலு, அந்த டயரப் பாத்தீங்களா இல்லீங்களா?"

"பாத்தனுங்க. இன்னுங் கண்டிசனாச் சொல்லி நிறுத்தியிருக்கோணுங்க. தப்புத்தானுங்க."

என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

நானே முதலாளியிடம் சொன்னேன். "நான்தானுங்க போகச் சொன்னேன். அண்ணன் வேண்டாம்னுதான் சொன்னாரு."

வெளியே வந்ததும் அண்ணன் பைக்கை எடுத்தார். "ஏறுங்க தம்பி. ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தப் பையனப் பாத்துட்டு வரலாம்." அதற்குப் பிறகு ஒருநாளும் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஆனால் அடுத்த மாதம் இன்னொரு டயரில் வெடிப்பு தெரிந்தபோது என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காற்று இறங்கி வண்டி நகராதபடி வால்வைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டார்.

டயரை மாற்ற நானே போய் ஜாக்கியை எடுத்துவந்தேன்.

இப்போது அவர் வீட்டிலிருந்து வந்துதான் இதை எழுதுகிறேன். எனக்கு முன்பே செல்வராஜ் வந்திருந்தான். கால் இன்னும் லேசாக இழுக்கிறது. லாரிதான் ஓட்டுகிறான்.

"இன்னிக்கு லோடு ஏத்தலீங்க" என்றான். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

சாயங்காலம் எடுக்கிறார்கள். மறுபடியும் போகிறேன்.

போய்ட்டு வாங்கண்ணா...