அண்ணி கேட்ட ஆதாரம்

என் அண்ணிக்கு ஆஸ்பத்திரியில் காது பரிசோதிக்கிற வேலை. சத்தம் நுழையாத சின்ன அறைக்குள் ஆளை உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, கண்ணாடிக்கு வெளியே இருந்து பொத்தானை அழுத்துவாள். மெல்லிய 'பீப்' கேட்டால் கை தூக்க வேண்டும். அந்த அறையில் நானும் ஒருமுறை உட்கார்ந்திருக்கிறேன். தூக்கம் வருவதற்குச் சற்று முன்னால் இருக்குமே, அப்படி ஓர் அமைதி. கண்ணாடிக்கு அப்பால் அண்ணி தண்ணீருக்குள் இருப்பவள் மாதிரி தெரிந்தாள்.

"பீப்பே போடலன்னாலும் பாதிப் பேர் கை தூக்குவாங்க. கேக்கணும்னு ஆசைப்பட்டா கேட்டுடும்" என்பாள். இது யாருக்கான குத்து என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அச்சகத்தில் மிஷின் ஓட்டுகிற என் அண்ணன், காலையில் ஜன்னலோரம் நின்று, பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிற மாதிரி கடவுளிடம் பேசுவான்.

"பதில் ஏதாவது வந்துச்சா?" என்பாள் அண்ணி.

"பீப் காதுல விழாதவன் பீப்பே இல்லன்னு சொன்னா நீ ஒத்துக்குவியா?"

"மாட்டேன். மிஷின்ல விளக்கு எரியும், காட்டுவேன். நீங்க எதைக் காட்டுவீங்க?"

"உன்கூட இத்தனை வருஷமா குப்பை கொட்டுறேனே, அவர் துணை இல்லாம முடியுமா?"

சமாதானம் பண்ணப் போனவர்கள் மூக்குடைபட்டுத் திரும்பியதுதான் மிச்சம். அவர்கள் கொஞ்சிக்கொள்வதே அப்படித்தான்.

போன வருஷம் அண்ணன் பதில்களைத் தவறவிட ஆரம்பித்தான். எதிரில் நின்று கேட்டால் சுடச்சுட வரும். சமையலறையிலிருந்து கேட்டால் ஒன்றும் வராது. அச்சு மிஷின் சத்தம் காதைத் தின்றுவிட்டதோ என்று அண்ணி பயந்தாள். வாதாட ஆள் இல்லாமல் போய்விடுமே! வேறு யாரிடமும் விடாமல் தானே பரிசோதித்தாள்.

அழுத்தும்போதெல்லாம் கை எழுந்தது. மிக மெல்லிய சத்தத்துக்கும் எழுந்தது. அண்ணிக்குப் போன உயிர் திரும்பியது. அடுத்ததை அழுத்தப் போனவள், ஏனோ தயங்கி நிறுத்தினாள். அதற்கும் கை எழுந்தது.

அவள் தோள் லேசாக அசைவதைப் பார்த்துத்தான் தூக்கியிருக்கிறான். ஏமாற்றவில்லை, பாவம். தனக்குக் கேட்கிறது என்றே நம்பினான்.

நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிப் போட்டாள். அழுத்தினாள். சத்தத்தைக் கூட்டினாள், இன்னும் கூட்டினாள். விளக்கு எரிந்தது. கை மடியிலேயே கிடந்தது.

அண்ணி உள்ளே போய், அவன் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, பின்னாலேயே நின்றாளாம். பரிசோதனையில் இதுவும் ஒன்று என்று நினைத்து அவன் அசையாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தானாம்.

"மனசுல இருந்ததெல்லாம் சொன்னேன்" என்றாள் என்னிடம். "பயமா இருக்குன்னு சொன்னேன். உங்களை எனக்கு எவ்வளவு பிடிக்கும் தெரியுமான்னு கேட்டேன். ரொம்ப நேரம் பேசினேன்."

"முன்னாடி போய் நின்னு சொல்லியிருக்கலாமே அண்ணி? ஒரு வார்த்தைகூட அண்ணனுக்குக் கேட்டிருக்காதே?"

"கேக்காதுன்னு தெரியும்" என்றாள் அண்ணி. "ஆனா, அவர் அங்கதானே இருந்தார்."