மீன், குடை, தேங்காய்

மலாயாவில், சிகாமட் ஊருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் டிரெஸராக இருந்தேன். புண்ணுக்குக் கட்டுப் போடுவேன், மருந்து ஊற்றிக் கொடுப்பேன். காலையில் டாக்டர் துரையின் அறை வாசலில் நின்று நோயாளிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். இரண்டு தடவை கூப்பிட்டும் வராதவர்களைக் கடைசிக்குத் தள்ளிவிடுவது என் வழக்கம்.

ஒரு மழைக்காலத்தில் மலேரியா என்னையும் பிடித்தது. கொய்னா மாத்திரை தின்று தின்று காய்ச்சல் இறங்கியது, அந்த மருந்தின் வேகத்தில் காதும் அடைத்துக்கொண்டது. முதலில் சில்வண்டுகள் போல ஓர் இரைச்சல், பிறகு அதுவும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே மழை ஓசையில்லாமல் பெய்தது. ரப்பர் மரங்கள் ஆற்று நீருக்கடியில் நிற்பவை போல மெல்ல அசைந்தன. தூரத்தில் ரயில் வெறும் புகையாக மிதந்து போயிற்று. எனக்குப் பயம் வரவில்லை. அந்த அமைதி சுகமாகக்கூட இருந்தது.

சில நாள் கழித்து டாக்டரைப் பார்க்க எல்லோரையும் போல பெஞ்சில் உட்கார்ந்தேன். என் இடத்தில் வேறொருவர் நின்று கூப்பிட்டார். நான் மழையைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். யாரோ தோளைத் தட்டினார்கள். பக்கத்தில் இருந்த தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கும் அம்மாள் வாசலைக் கைகாட்டினார். அங்கே நின்றவர் என்னைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தார்; கூப்பிட்டது என்னைத்தான்.

அந்த அம்மாளை எனக்குத் தெரியும். நான் பலமுறை கடைசிக்குத் தள்ளி, மதியம் வரை காக்க வைத்தவர். திமிர் பிடித்தவர் என்று நினைத்திருந்தேன். அன்றுதான் அவர் கண் கொட்டாமல் கூப்பிடுபவரின் வாயையே பார்ப்பதைக் கவனித்தேன்.

இரண்டு வாரத்தில் எனக்கு ஒரு காது திறந்தது. அவர் மறுபடி வந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து, நிதானமாக வாயசைத்து விசாரித்தேன். மூன்று வருஷத்துக்கு முன் வந்த காய்ச்சலில் காது போயிற்றாம். தோட்டத்தில் வேலை வாங்கும் கங்காணியிடம்கூடச் சொல்லவில்லை.

"தெரிஞ்சா வேலையிலேருந்து பேர வெட்டிருவாங்கய்யா," என்றார்.

அடுத்த நாளே பிஸ்கட் தகரத்தை வெட்டி எண்கள் எழுதினேன். ஒவ்வொரு எண்ணுக்கும் இரண்டு தகடு. ஒன்று நோயாளியிடம் இருக்கும். அதன் ஜோடியை நான் வாசலில் தூக்கிக் காட்டுவேன். அம்மாள் தன் தகட்டைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்.

"எழுத்து தெரியாதுங்கய்யா. படம் போட்டுக் குடுங்க."

மீன், குடை, தேங்காய், சேவல் என்று வரைந்தேன். டாக்டர் துரை அவற்றைப் பார்த்துவிட்டு, இது ஆஸ்பத்திரியா பள்ளிக்கூடமா என்று கேட்டார். நான் செவிடாக இருந்த நாட்களைச் சொன்னேன். அவரும் தினமும் கொய்னா சாப்பிடுகிறவர். தன் காதை மெல்லத் தேய்த்துக்கொண்டு, சரி, செய்து பார் என்றார்.

முதல் நாள் நான் சேவலைத் தூக்கியதும் ஒரு மலாய்ப் பெரியவர் எழுந்து வந்தார். குடைக்கு ஒரு சீனத்தி வந்தாள். தாமதக்காரர்கள், முரண்டு பிடிப்பவர்கள் என்று நான் திட்டியவர்களில் இன்னும் நான்கைந்து பேர் அந்த வாரத்தில் உடனுக்குடன் எழுந்து வந்தார்கள். அவர்களுக்கும் காது மந்தம் என்பது அப்போதுதான் தெரிந்தது.

மீனைத் தூக்கியபோது அம்மாள் வந்தார். தன் தகட்டை என்னுடையதோடு ஒட்டி வைத்துப் பார்த்துச் சிரித்தார். டாக்டரைப் பார்த்துவிட்டு மருந்துக்கு என்னிடம் வந்தபோது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்தேன். அவருக்கு அது போதுமாக இருந்தது.

"அது கெடக்கட்டும்யா," என்றார். "மருந்தக் குடுங்க, வேலைக்குப் போணும்."