பின் சீற்றின் சத்தம்

குளிர் தொடங்கியதிலிருந்து என் பழைய அமெரிக்க ஆடம்பரக் காரின் பின் சீற் கடகடக்கிறது. இன்று மல்வேர்னில் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன்.

கராஜ்காரர் பின்னால் ஏறி இருந்தார். நான் ஓட்டினேன். ஒரு சத்தமும் இல்லை.

“ஆள் இருந்தா வராது அண்ணை. வெறுமையா ஓடுறதாலைதான் ஆடுது.”

பிறகு சுவரில் ஒரு படத்தைக் காட்டினார். வண்டியில் குதிரையைப் பூட்ட மறந்த மாதிரி ஒரு கார். இரண்டு பேருக்குத்தான் இடம்.

“இதுதான் உங்கடை காரின்ரை பூட்டன். இந்தக் கொம்பனி முதன்முதல் விட்ட மொடல் ஏ. பின் சீற்றைத் தேவையெண்டாப் பூட்டலாம், ஆக்கள் இல்லையெண்டாக் கழட்டி வைக்கலாம்.”

“அப்ப என்ரை காரிலையும் கழட்டி விடுங்கோவன்.”

“ஏன் அண்ணை, வீட்டிலை ஆக்கள் இல்லையோ?”

மனைவியும் பிள்ளைகளும் இங்கே வருவதற்குக் கொழும்பில் விசாவுக்குக் காத்திருக்கிறார்கள் என்றேன். அவர்களை ஏற்றத்தான் கப்பல் மாதிரி இந்தக் காரை வாங்கினேன் என்று சொல்லவில்லை.

அவர் சாவியை என் கையில் தந்தார்.

“அப்ப கழட்டக் கூடாது அண்ணை. சத்தம் இருக்கட்டும்.”

இந்த மின்னஞ்சல் குழுவில் யாராவது காலையில் மோர்னிங்சைட்டிலிருந்து வேலைக்குப் போகிறீர்களா? பின் சீற் காலி. பேசக்கூட வேண்டாம், இருந்தால் போதும்.