ஸ்மிதா வைத்த புள்ளி

தங்கபாண்டியின் முதுகை இந்தத் திருவனந்தபுரத்தில் இருநூறு பேருக்கு மேல் தொட்டிருக்கிறார்கள். அவர் முகத்தைப் பார்த்தவர்கள் அதில் பத்துப் பேர்கூட இருக்கமாட்டார்கள். முகத்தைப் பார்க்காமலேயே அவர் யாரென்று தெரிந்துகொண்டவள் ஒருத்தி இருந்தாள், அவருடைய மகள் அனுஷா. தெரிந்தபிறகு அவள் செய்த காரியத்தைத்தான் சொல்ல வருகிறேன். அவளைத் திட்ட வாயெடுப்பவர்கள், தங்கள் தகப்பனாரை எந்தெந்த இடத்தில் யாரோபோல் கடந்து வந்திருக்கிறோம் என்று ஒருமுறை யோசித்துவிட்டுத் திட்டலாம்.

வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து பதினேழு வயதில் வந்தவர் தங்கபாண்டி. மைக்காட்டுப் பணி, அதாவது கொத்தனாருக்குக் கையாள். முப்பது வருஷம் மணலும் கல்லும் சிமெண்டுச் சட்டியும் சுமந்தார். கழக்கூட்டத்துப் பக்கம் பஸ்ஸில் போனால் போதும், கண்ணாடிக் கட்டடங்களைக் கைநீட்டிக் காட்டுவார். “அந்தா, அந்த ஆறாவது நெலைக்கு மணல் ஏத்துனது நான்தாம் மக்கா.” பஸ் முழுக்கக் கேட்கும். சின்னப்பிள்ளையாக இருந்தபோது அனுஷா தலையை அண்ணாந்து மாடிகளை எண்ணுவாள். பிளஸ் டூ வந்தபிறகு முன்னால் போய்ப் பெண்கள் இருக்கையில் உட்கார்ந்துகொண்டாள். அவர் அப்போதும் காட்டினார், பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒருவருக்கு.

கல்லூரியில் சேர்த்த அன்று அவர் வெள்ளைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி வந்திருந்தார். வாசலில் செக்யூரிட்டி அவரை வேலைக்கு வந்த ஆளென்று நினைத்து நிறுத்தி, “எந்தா அண்ணாச்சி, பணிக்கு வந்நதாணோ?” என்று கேட்டான். “இல்ல சாரே, மகளச் சேக்க வந்தேன்” என்று இவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். அனுஷா அதற்குள் நாலடி முன்னால் போயிருந்தாள். அன்றைக்கு வைத்த பூட்டுத்தான், கல்லூரிக்குள் அவள் வாயில் தமிழ் வரவில்லை. அவளுடைய சிநேகிதி ஸ்ரீலக்ஷ்மியும் தமிழ்க்காரிதான், கோட்டைக்குள் அக்ரகாரத்துப் பெண். அவள் ஃபோனில் அம்மாவிடம் “ஆத்துக்கு வந்துண்டே இருக்கேன்” என்று சொன்னால் பக்கத்திலிருப்பவர்கள் ரசிப்பார்கள். அனுஷா வாயைத் திறந்து “வாரேம்மா” என்றால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். தமிழிலும் மேல்மாடி, கீழ்மாடி உண்டு. “அச்சனுக்கு எந்தா ஜோலி?” என்று ஸ்ரீலக்ஷ்மி ஒருநாள் அப்பாவின் வேலையைக் கேட்டபோது “கன்ஸ்ட்ரக்‌ஷன்” என்றாள். பொய் இல்லை. காண்ட்ராக்டர் என்று மீதியை ஸ்ரீலக்ஷ்மியே நிரப்பிக்கொண்டாள். இவள் அதை அழிக்கவில்லை, அவ்வளவுதான்.

போன வருஷம் சாரத்திலிருந்து விழுந்து தங்கபாண்டியின் கால் முட்டு போய்விட்டது. சுமை தூக்க முடியாது என்று ஆனது. பழகிய கொத்தனார் நயினார் இரக்கப்பட்டு, வழுதக்காட்டில் ஒரு பழைய வீட்டைக் கலைக்கூடமாக மாற்றும் வேலையில் சுவர் தேய்க்க வைத்துக்கொண்டார். அங்கேதான் ஹரிஷங்கர் என்ற ஓவியர், சட்டையில்லாமல் குனிந்து சுவர் தேய்த்துக்கொண்டிருந்த அந்த முதுகைப் பார்த்தார். இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் தயங்கித் தயங்கி வந்து, அந்த முதுகைக் கூலிக்குக் கேட்டார். தங்கபாண்டி வீட்டுக்கு வந்து மனைவி வடிவம்மாளிடம் மட்டும் சொன்னார். “பிள்ளைக்குத் தெரியாண்டாம். குமைஞ்சி போவா.” மகளிடம் ஏதோ ஆபீஸில் வாட்ச்மேன் வேலை என்று சொல்லிவைத்தார்கள். கிள்ளிப்பாலத்தில் அவர்கள் இருந்த ஒற்றை அறை வீட்டில் மார்ச் மாதப் புழுக்கம் ஆளை வேகவைக்கும். அப்பா பத்து நாளாகச் சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்திருப்பதை அனுஷா பார்த்தாள். ஏன் என்று கேட்கவில்லை. அவரிடம் ஏதாவது கேட்டுப் பேசுகிற பழக்கமே அவளுக்கு விட்டுப்போயிருந்தது.

ஜர்னலிசம் இரண்டாம் வருஷத்துப் பிள்ளைகளை ஒரு கலை நிகழ்ச்சிக்குப் போய்க் கட்டுரை எழுதி வரச் சொல்லியிருந்தார்கள். ஸ்ரீலக்ஷ்மிதான் வழுதக்காட்டு நிகழ்ச்சியைக் கண்டுபிடித்தாள். “பார்க்க மட்டுமில்ல, நாமளும் செய்யலாமாம். டாட்டூ! நம்ம கையால!” என்று குதித்தாள்.

உள்ளே வெள்ளைச் சுவர்களுக்கு நடுவே ஒரு மேசை. மேசையில் ஒரு மனிதர் குப்புறப் படுத்திருந்தார். முகம் பதிய மேசையில் ஒரு ஓட்டை. தலைக்கு மேல் வெள்ளைத் துணி, இடுப்புக்குக் கீழே இன்னொரு துணி. நடுவில் முதுகு மட்டும். அதில் கடுகு சிதறினாற்போலக் கறுப்புப் புள்ளிகள். பச்சை குத்துவதைத் தொழிலாகச் செய்யும் ஷிஜு கையுறையோடு நின்றான். வருகிறவர்களுக்கும் கையுறை மாட்டிவிட்டு, ஆளுக்கொரு புது ஊசியை மையில் தோய்த்துக் கொடுத்து, மணிக்கட்டைப் பிடித்து, எவ்வளவு ஆழம் என்று அவனே நிதானித்துக்கொண்டான். ஆளுக்கு ஒரே ஒரு புள்ளி. குத்தியபிறகு தலைமாட்டுக்குப் போய்க் குனிந்து தன் பெயரைச் சொல்ல வேண்டும். படுத்திருப்பவர் “சரி” என்பார். வேறெதுவும் அவர் பேசக்கூடாது. சொன்ன பெயரை ஹரிஷங்கர் சுவரில் பென்சிலால் எழுதுவார்.

“பேரச் சொல்லாம குத்தறது எல்லாருக்கும் ஈஸி. தினம் செய்யறோம்” என்று அவர் வரிசையில் நின்றவர்களிடம் சொன்னார். “இங்க பேரச் சொல்லணும். ரூல் இவ்வளவுதான், கேட்டோ.”

அனுஷா இதை நோட்டில் எழுதிக்கொண்டாள். நல்ல வரி, கட்டுரைக்கு ஆகும் என்று நினைத்தாள்.

வரிசை நகர்ந்தது. ஷிஜு அவள் கையில் ஊசியைக் கொடுத்தபோதுதான் அவள் முதுகைக் கிட்டத்தில் பார்த்தாள். இடது தோளுக்குக் கீழே ஒரு சாண் நீளத் தழும்பு. அவளுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது வார்ப்புக் கம்பி கிழித்தது. மருத்துவமனையிலிருந்து வந்த அன்று பக்கத்தில் உட்கார்ந்து தையலை எண்ணிப் பதினாலு என்று சொன்னவள் அவள். “என் மக கணக்குல புலி” என்று அவர் அந்த வலியிலும் சிரித்தார்.

அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. அப்பா இப்படிக் கிடக்கிறாரே என்ற கூச்சம் முதலில். அதற்குப் பின்னாலேயே, அதைத் தள்ளிக்கொண்டு வந்தது மற்றொன்று: ஸ்ரீலக்ஷ்மிக்குத் தெரிந்துவிட்டால்? பின்னால் ஸ்ரீலக்ஷ்மி ஃபோனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். ஊசியைக் கீழே வைத்துவிட்டுப் போயிருக்கலாம். போனால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று கேட்டால் சொல்ல வேண்டும். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து, பெற்ற தகப்பன் முதுகில் ஊசியை வைத்தாள் அந்தப் பிள்ளை. ஷிஜு மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தும் ஊசி சற்று இழுபட்டு, புள்ளி பெரிதாக விழுந்தது. அந்த முதுகு அசையவே இல்லை.

தலைமாட்டுக்குப் போய் நின்றாள். நின்றபிறகுதான் மேசை ஓட்டைக்கு நேர் கீழே தன் கால்கள் இருப்பதைக் கண்டாள். அவள் செருப்பின் வார் அறுந்தபோது போன மாதம் சாலைக் கடைத்தெருவில் தைத்துக்கொண்டு வந்தவர் அவர்தான். கறுப்பு நூல் இல்லையென்று சிவப்பு நூலில் தைத்திருந்தது. அதற்காக அவரிடம் இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்திருந்தாள். இப்போது காலைச் சட்டென்று பின்னுக்கு இழுத்தாள். இழுத்து என்ன, பார்க்க வேண்டியவர் பார்த்திருப்பார்.

“பேரு?” என்றார் சுவரோரம் நின்ற ஹரிஷங்கர்.

அனுஷா குனிந்தாள். துணிக்குள்ளிருந்து அவருடைய தேங்காயெண்ணெய் வாசனை வந்தது.

“ஸ்மிதா” என்றாள்.

எல்லோருக்கும் உடனே வந்த “சரி” வரவில்லை. ஹரிஷங்கர் பென்சிலோடு திரும்பிப் பார்த்தார். ஷிஜு ஏதோ கேட்கப் போனான்.

“சரி” என்றது துணிக்குள்ளிருந்து அப்பாவின் குரல்.

வெளியே வந்ததும் ஸ்ரீலக்ஷ்மி கேட்டாள். “ஏண்டி ஸ்மிதான்னே?”

“சுவர்ல எழுதுவாங்கல்ல. வீட்ல அறிஞ்சா வழக்கு பறயும்” என்றாள். திட்டுவார்களாம்.

“உங்கப்பா அவ்வளவு ஸ்ட்ரிக்டா?”

“ம்” என்றாள் அனுஷா. வாழ்க்கையில் ஒருநாள்கூட அவளைக் கடிந்து பேசாத மனுஷன் தலையில் அதையும் ஏற்றிவைத்தாள். அன்றிரவு வீட்டில் அவர் எப்போதும்போலச் சோறு தின்றார், எப்போதும்போலப் படிக்கிறாயா என்று கேட்டார். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. கட்டுரையில் ஹரிஷங்கர் சொன்ன அந்த வரியை எழுதினாள், பேராசிரியர் அதன் கீழே கோடு போட்டு நன்றாக இருக்கிறது என்று எழுதிக்கொடுத்தார். அந்தத் தாளை நாலாக மடித்துப் பைக்குள் திணித்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வடிவம்மாள் ஒரு சாவுக்காக வள்ளியூர் போயிருந்தாள். சாயங்காலம் அனுஷா துணி எடுத்துக்கொண்டு உள்ளே வந்தபோது, தங்கபாண்டி சட்டையைக் கழற்றிவிட்டு, கரண்டிக் காம்பில் பஞ்சைச் சுற்றி முதுகுக்கு மருந்து போட முயன்றுகொண்டிருந்தார். எட்டவில்லை. அவளைக் கண்டதும் சட்டையைத் தேடினார்.

“கொண்டாங்கப்பா. நான் போடுதேன்.”

அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்தார். எப்படி வந்தது இது என்று அவள் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று அவரும் கேட்கவில்லை.

“வலிக்காப்பா?”

“எறும்பு கடிச்சாப்புல. அதுக்கென்ன.” சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “சத்தியதாஸ்னு ரிட்டயர்டு இஞ்சினியர் ஒருத்தரு வந்தாரு மக்கா. குத்திட்டு, பேரச் சொல்லிட்டு, போவாம நிக்காரு. ‘என் சைட்ல நீ பணி எடுத்திட்டுண்டோ’ன்னு கேக்காரு. எடுத்திருக்கேன், நாலு வருசம். ஆனா நான் சரின்னு மட்டும்தான சொல்லணும். சரின்னேன். மனுசன் அழுதுட்டாரு.” லேசாகச் சிரித்தார். “எல்லாரும் நல்லவங்கதான். பேரச் சொல்லிட்டுத்தாம் போறாங்க.”

அனுஷாவின் விரல் நின்றது. தழும்புக்குக் கீழே அந்தப் புள்ளி. மற்றதெல்லாம் கடுகளவு, இது மட்டும் மிளகளவு, ஒரு பக்கம் வால்போல் இழுபட்டு. சுற்றிலும் இன்னும் சிவந்திருந்தது. அதன்மேல் மருந்தை வைத்துத் தடவினாள். மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல அவர்கள் வீட்டில் யாருக்கும் பழக்கமில்லை, அதற்கு வார்த்தை எப்படித் தொடங்கும் என்றே அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான், அந்தக் கலைக்கூடத்தில் கற்றது. புள்ளியிலிருந்து விரலை எடுக்காமல் அவர் காதோரம் குனிந்தாள்.

“அனுஷா” என்றாள்.

இன்னொருமுறை, குரல் உடைய, “அனுஷா, அப்பா.”

ஒரே ஒரு “சரி”க்காகக் காத்திருந்தாள். தெருவில் மீன்காரர் கூவிக்கொண்டு போய், முனை திரும்பிச் சத்தம் அடங்கும்வரை காத்திருந்தாள். அவர் திரும்பவில்லை. கையை மட்டும் பின்னால் கொண்டுவந்து, மருந்து ஒட்டிய அவள் விரல்களைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

“அந்தப் பேர்ல அங்க யாரும் வரலியே, மக்கா” என்றார். “சட்டைய எடு.”