எப்சிபா கேட்ட இடம்

ஜெபமணி அண்ணாச்சியின் சபைக்கு இந்த வருடம் பதினைந்து வயது. ஆண்டு மலர் போடுகிறார்கள். அண்ணாச்சியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரும்படி என்னிடம் கேட்டார்கள். ஊருக்கு மனு எழுதுவதும் வாழ்த்துரை எழுதுவதும் தமிழ் டீச்சர் தலையில்தானே விழும்! எழுதிக் கொடுத்துவிட்டேன். அதில் உள்ள ஒவ்வொரு வார்த்தையும் உண்மைதான். ஆனால் அந்த இரண்டு பக்கத்தில் வராத ஒன்று இருக்கிறது. அதை எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். "எழுதுங்க டீச்சர். இனிமே எதுக்கு ஒளிக்க?" என்றார்.

நான் அந்தச் சபையைச் சேர்ந்தவள் இல்லை. என் பெயர் உமாதேவி. ஓடைப்பட்டிக்கு மாற்றலாகி வந்த நாள் முதல் அண்ணாச்சி வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். கீழே அவரும் அவர் மனைவி எப்சிபா அக்காவும் குடியிருந்தார்கள். வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு பெரிய செட்டு. தோட்டங்களிலிருந்து வரும் திராட்சையைப் பெண்கள் அங்கே உட்கார்ந்து தரம் பிரித்து, அழுகலைக் கத்தரித்து, அட்டைப்பெட்டியில் அடுக்குவார்கள். சாயங்காலம் லாரி வரும்.

அண்ணாச்சிக்குச் சொந்த ஊர் தேனி. பஜாரில் அட்டைப்பெட்டி வியாபாரம் செய்த குடும்பம். திராட்சை வியாபாரத்துக்காக இங்கே வந்தோம் என்று அவர் எல்லோரிடமும் சொல்வார். எப்சிபா அக்கா எனக்குச் சொன்ன காரணம் வேறு. அவர்களுக்கு ஸ்டான்லி என்று ஒரே ஒரு பையன். ஆறு வயதில் காய்ச்சல் வந்து மூன்றே நாளில் போய்விட்டான். தேனியில் அவர்கள் குடும்பம் தாத்தா காலத்திலிருந்து போய்வந்த பழைய கோவிலின் கல்லறைத் தோட்டத்தில் அவனை அடக்கம் செய்தார்கள். அதற்குப் பிறகு அக்காவால் அந்த வீட்டில் இருக்க முடியவில்லை. பையனை மட்டும் அங்கே விட்டுவிட்டு இருவரும் ஓடைப்பட்டிக்கு வந்துவிட்டார்கள்.

சபை தொடங்கியது ஒரு கோபத்தில். ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி செட்டில் வேலை செய்த எட்டுப் பெண்களை வேனில் ஏற்றிக்கொண்டு பழைய கோவிலுக்குப் போனார். அறுப்புக் காலம். விடிகாலையில் தோட்டத்தில் குலை வெட்டிவிட்டு அப்படியே வந்தவர்கள். சேலையில் சாறும் மருந்து வாடையும் இருக்கத்தான் செய்யும். முன்வரிசை அம்மா ஒருத்தி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து வேறு இடத்துக்குப் போனாள். அவ்வளவுதான் நடந்தது. வேறு யாராக இருந்தாலும் முணுமுணுத்துவிட்டு விட்டிருப்பார்கள். அண்ணாச்சி ஜெபத்தின் நடுவிலேயே எழுந்து எட்டுப் பேரையும் வெளியே கூட்டி வந்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு செட்டிலேயே கூடினார்கள். தார்ப்பாயை விரித்து, பிளாஸ்டிக் டிரேக்களைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்கள். வேலைக்குப் போட்ட உடுப்போடு வரலாம். மைக் கிடையாது. பாட்டு யாருக்குத் தெரியுமோ அவர் பாடுவார். பிரசங்கம் என்று அண்ணாச்சி பத்து நிமிடம் பேசுவார். அதுவும் பாதி திராட்சை விலையைப் பற்றி இருக்கும். பிறகு எப்சிபா அக்கா சமைத்த சோறும் சாம்பாரும். யார் ஞானஸ்நான முழுக்கு எடுத்தவர், யார் எடுக்காதவர் என்று யாரும் கேட்கவில்லை. பக்கத்துத் தோட்டத்துச் சின்னக்கருப்பு நெற்றி நிறைய விபூதியோடு வந்து உட்காருவார். "சாமி எந்தச் சாமியா இருந்தா என்ன டீச்சரம்மா, சாம்பாரு நல்லாருக்கு" என்பார். நானும் அந்தச் சாம்பாருக்குத்தான் போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர் அதற்குச் செட்டு சபை என்று பெயர் வைத்தது. கேலிக்கு வைத்த பெயர்தான், ஒட்டிக்கொண்டது. பதினெட்டுப் பேராக இருந்தது நூற்று நாற்பது ஆனது. கூரை பறந்தவர்களுக்குத் தகரம் போட்டார்கள். இரவோ பகலோ, பிரசவ வலி என்றால் அண்ணாச்சியின் வேன் போகும். கொரோனா சமயத்தில் இரண்டு மாதம் தெரு முழுக்க அங்கேதான் சாப்பிட்டது. நான் என் பங்குக்குப் பிள்ளைகளின் உதவித்தொகை விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுத்தேன். எனக்கே அது ஒரு பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமையில்தான் நான் ஒரு கடிதம் எழுதினேன்.

சபை தொடங்கி இரண்டு வருடம் ஆன நேரம். பழைய கோவிலின் செயலர் ஜாஸ்பர் ஐயா செட்டுக்கு வந்தார். மெலிந்த உடம்பு, மெல்லிய பேச்சு. சண்டைக்கு வரவில்லை. "இங்கன நடத்துறத நடத்துங்க ஜெபமணி, யாரு வேண்டாங்கிறா? பேரு மட்டும் நம்ம பதிவேட்டுலயே இருந்துட்டுப் போகட்டும். பேரு என்ன சோறா கேக்குது?" என்றார்.

அண்ணாச்சிக்கு அது பிடிக்கவில்லை. "இங்கன பாதி, அங்கன பாதின்னு இருக்க எனக்கு வராது ஐயா" என்று அனுப்பிவிட்டார். அதோடு நிற்கவில்லை. பழைய கோவிலிலிருந்து தன்னோடு வந்த பதினொரு குடும்பத்தையும் கூட்டி, எல்லாருடைய பெயரையும் நீக்கச் சொல்லி ஒரே கடிதமாகக் கொடுப்போம் என்றார். உற்சாகமாகத் தலையாட்டினார்கள். புதுச் சபை கண்ட ஜோரில் எல்லோரும் செய்கிற காரியம் அது. நான்தான் எழுதினேன். நல்ல நடையில், கம்பீரமாக, ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன். வாசித்துக் காட்டியபோது கைதட்டினார்கள்.

எப்சிபா அக்கா மட்டும் கேட்டார்: "அப்ப ஸ்டான்லி?"

"அவன் ஆண்டவர்ட்ட இருக்கான். அவன் பேர யாரு அடிக்க முடியும்?" என்றார் அண்ணாச்சி.

அக்கா கடைசியாகக் கையெழுத்துப் போட்டார். பேனாவை வாங்கியவர் வெகுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது எரிச்சலாக இருந்தது. ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு யோசனையா என்று நினைத்தேன். அந்த நினைப்புக்காக இன்று வரை நான் வெட்கப்படுகிறேன்.

அதற்கு முன்பெல்லாம் ஒவ்வொரு ஈஸ்டர் விடிகாலையும் அக்கா தேனிக்குப் போய்ப் பையனின் கல்லறையில் பூ வைத்துவிட்டு வருவார். பிறகு ஈஸ்டர் ஜெபம் செட்டில் நடந்தது. நூறு பேருக்குச் சமையல் அக்கா கையில். மறுநாள் திங்கட்கிழமை பஸ் ஏறிப் போனால் கல்லறைத் தோட்டத்து வாசல் பூட்டியிருக்கும். சாவி கோவில் அலுவலகத்தில். கையெழுத்துப் போட்டு விலகிவிட்டு எந்த முகத்தோடு போய்ச் சாவி கேட்பது? சுவருக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் பூவைக் கம்பிக்கு உள்ளே எறிந்துவிட்டு வருவாராம். இரண்டு வருடம் அப்படிப் போனார். பிறகு நிறுத்திவிட்டார். இதெல்லாம் எனக்கு அவர் படுக்கையில் விழுந்த பிறகுதான் தெரிந்தது.

படுக்கையில் விழுந்தது புற்றுநோயில். மதுரைக்கு எத்தனையோ முறை அலைந்தார்கள். கடைசியில், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். செட்டு சபை ஒரு நாள் விடாமல் வந்து ஜெபித்தது. பெண்கள் முறை வைத்துக்கொண்டு இரவு பகலாகக் கூட இருந்தார்கள். அக்கா யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. அண்ணாச்சியிடம் ஒன்றே ஒன்று கேட்டார். நானும் அப்போது பக்கத்தில் இருந்தேன்.

"இந்தாங்க, என்னைய நம்ம பிள்ளை பக்கத்துல போடணும். வேற எங்கனயும் போட்டுறாதீக."

அண்ணாச்சி சரி என்று தலையாட்டினார். ஆட்டிவிட்டு ஐந்து வாரம் ஒன்றும் செய்யவில்லை. பழைய கோவிலின் தோட்டத்தில் அதன் அங்கத்தினர்களை மட்டும்தான் அடக்கம் செய்வார்கள். இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். போய்க் கேட்க வேண்டும். அதுதான் அவரால் முடியவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணாச்சி, எப்பப் போகப்போறீக?" என்றேன்.

"நான் அங்கன போயி கை கட்டி நின்னா இந்த நூத்து நாப்பது பேரும் என்ன நினைப்பாக டீச்சர்? நான் சொல்லித்தான பேர அடிச்சாக?"

"நினைக்கட்டும். அந்த மனுஷி உங்கள்ட்ட வேற என்ன கேட்டுருச்சு இத்தன வருசத்துல?"

மறுநாள் காலையில் குளித்து வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து என் வாசலில் நின்றார். "ஒரு லெட்டர் எழுதணும்" என்றார். இரண்டு பேருக்கும் அங்கத்தினர் உரிமையைத் திரும்பத் தரும்படி எழுதினேன். இந்த முறை நடையெல்லாம் பார்க்கவில்லை. நாலே வரி.

பழைய கோவிலில் எங்களை யாரும் கேலி செய்யவில்லை. செய்திருந்தால்கூடக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும் போல. ஜாஸ்பர் ஐயா கடிதத்தைக் கமிட்டியில் வைத்தார். ஒரே வாரத்தில் சம்மதித்துவிட்டார்கள். இடத்தைப் பார்த்து வைத்துக்கொள்வோம் என்று ஐயா சாவியை எடுத்துக்கொண்டு வந்தார். அண்ணாச்சி முன்னால் நடந்தார். வேப்பமரத்தைத் தாண்டி, மேற்குச் சுவர் ஓரம், மூன்றாவது வரிசை, ஐந்தாவது கல்லறை. போய் நின்றவர் திரும்பி வந்து மறுபடி எண்ணினார். மறுபடியும் அதே இடத்தில் போய் நின்றார்.

அங்கே சூரியபிரகாஷ் என்ற பெயர் இருந்தது. முப்பத்து நாலு வயது. இறந்த வருடம் இரண்டாயிரத்துப் பத்தொன்பது.

இடம் நெருக்கடியான தோட்டம் அது. செங்கல் வைத்துக் கட்டாத கல்லறையைப் பதினாலு வருடம் கழித்துத் திறந்து இன்னொருவரை வைப்பது வழக்கம். குடும்பத்தார் பதிவேட்டில் இருந்தால் ஆள் அனுப்பிக் கேட்பார்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுவார்கள். பதிவேட்டில் யாரும் இல்லையென்றால் கோவில் பலகையில் மூன்று மாதம் அறிவிப்பு ஒட்டுவார்கள். ஸ்டான்லிக்கும் ஒட்டியிருக்கிறார்கள். கோவிலுக்குப் போன எல்லோரும் அதைப் பார்த்திருப்பார்கள், அவனுடைய அப்பா அம்மாவைத் தவிர.

"அப்ப நான் நாலு மாசம் ஆஸ்பத்திரில கெடந்தேன் ஜெபமணி. இருந்திருந்தா ஒரு வார்த்தை சொல்லிவிட்டிருப்பேன்" என்றார் ஜாஸ்பர் ஐயா. அவருடைய கண் கலங்கியிருந்தது. "எலும்பு எதையும் வெளிய எடுக்கல. அடியிலயே வச்சு மூடிட்டாக."

நான் அங்கே இருந்த கல்லில் உட்கார்ந்துவிட்டேன். கோபம் கோபமாக வந்தது. யார் மேல் கோபப்படுவது? பலகையில் ஒட்டியவர் மேலா? பெயரை அடித்தவர் மேலா? அடிக்கச் சொல்லிக் கேட்டது நாங்கள். எழுதிய கை என் கை.

வீட்டுக்குள் நுழைந்ததும் அக்கா கண்ணாலேயே கேட்டார். அண்ணாச்சி கட்டிலில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கிடைச்சிருச்சு. அவன் பக்கத்துலயேதான்."

"நல்லா வச்சிருக்காகளா? புல்லு மண்டிக் கெடக்கா?"

"இல்ல. சுத்தமா இருக்கு. வெள்ளை அடிச்சு, பேரெல்லாம் பளிச்சுன்னு இருக்கு."

அக்கா சிரித்தார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு பார்த்த சிரிப்பு. நான் மாடிக்கு ஓடிவிட்டேன்.

பன்னிரண்டாம் நாள் அக்கா போய்விட்டார். சூரியபிரகாஷின் கல்லறைக்கு இடது பக்கம் இரண்டடி இடம் விட்டு அடக்கம் செய்தோம். செட்டு சபை முழுவதும் மூன்று லாரியில் வந்தது. அதே வேலை உடுப்புதான். யாரும் மூக்கைப் பொத்தவில்லை. தாயும் பிள்ளையும் சேர்ந்துவிட்டார்கள் என்று பெண்கள் சொல்லிச் சொல்லி அழுதார்கள். பக்கத்தில் எழுதியிருந்த பெயரை யாரும் கவனிக்கவில்லை. அண்ணாச்சி கையெடுத்துக் கும்பிட்டபடி நின்றார், அழவில்லை.

சபை வளர்கிறது. இப்போது இருநூறு பேருக்கு மேல். தங்களுக்கென்று ஒரு கல்லறைத் தோட்டத்துக்கு இடம் கேட்டு மனுக் கொடுத்திருக்கிறார்கள். அதுவும் நான் எழுதியதுதான். அண்ணாச்சி மட்டும் பிரசங்கம் பேசுவதை நிறுத்திவிட்டார். எவ்வளவு வற்புறுத்தினாலும் சோறு பரிமாறுவதோடு சரி. சபைக்குள் அவர் சொன்னதைக் கேட்டுப் பெயரை அடித்த பதினொரு குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களுக்கும் அந்தத் தோட்டத்தில் அப்பாவோ அம்மாவோ இருப்பார்கள். இலையில் சோறு வைக்கும்போது அவர் யாருடைய முகத்தையும் பார்ப்பதில்லை.

அக்கா போன பிறகு வந்த முதல் ஈஸ்டருக்கு அண்ணாச்சியும் நானும் விடிகாலையில் தேனிக்குப் போனோம். பூவை இரண்டு பங்காகப் பிரித்தார். ஒரு பங்கை அக்காவின் கல்லறையில் வைத்தார். இன்னொன்றைப் பக்கத்துக் கல்லறையின் கால்மாட்டில், சின்ன உடம்பு எந்த அளவுக்கு இருந்திருக்குமோ அந்த அளவுக்கு, பரப்பி வைத்தார். பின்னால் யாரோ வந்து நின்றார்கள். வெள்ளைச் சேலை, கையில் மெழுகுவர்த்தி, முப்பது வயது இருக்கும்.

"ஐயா, நான் ஏஞ்சல். இவுக வீட்டுக்காரி" என்றாள் கல்லறையைக் காட்டி. "அஞ்சு வருசமா நான் ஒருத்திதான் வாரேன். வேற ஒருத்தரும் எட்டிப் பாக்கல. உங்களுக்கு எங்க வீட்டுக்காரரத் தெரியுமா?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"தெரியும்மா" என்றார்.

அந்தப் பெண் சட்டென்று அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, தன் பூவில் பாதியைப் பிரித்து எப்சிபா அக்காவின் கல்லறை மேல் வைத்தாள். அப்போதுதான் அண்ணாச்சி மண்ணில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். தன் புருஷனுக்காக ஒரு மனிதர் இப்படி அழுகிறாரே என்று அவள் அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு தேற்றினாள்.