அடுக்கம் பாதையில் இரண்டு பேர்

கொடைக்கானலில் ஜீப் ஓட்டும் சுரேந்திரனுக்கு ஒரு பழக்கம் உண்டு. பயணிகளின் பெட்டிகளை வண்டிக்கு மேலே கட்டுவதற்கு முன்னால் ஒவ்வொன்றிலும் யாருடையது என்று பேர் எழுதி ஒட்டுவார். எழுதிய காகிதத்தின் மேல் தண்ணீர் படாதபடி செல்லோடேப்பும் ஒட்டுவார். ஒரே குடும்பத்தின் நான்கு பெட்டிகள் என்றாலும் நான்கிலும் பேர் இருக்கும். "எல்லாம் எங்களுதுதாங்க" என்று அவர்கள் சிரித்தால், "இருக்கட்டுங்க, எதுக்கும்" என்பார். ஸ்டாண்டில் மற்ற டிரைவர்கள் அவருக்கு 'போஸ்ட்மேன்' என்று பேர் வைத்திருந்தார்கள். அதற்காக அவர் கோபித்துக்கொண்டதே இல்லை.

வயது நாற்பத்து நான்கு. அப்பாவும் அம்மாவும் இலங்கையில் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர்கள். இரண்டு நாட்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டுக் கப்பலேற்றி அனுப்பியபோது வந்து, இந்த மலையில் மரப்பட்டை உரிக்கும் வேலையில் ஒதுங்கியவர்கள். சுரேந்திரன் பிறந்தது இங்கேதான். ஆனாலும் 'முடியாது' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'ஏலாது' என்றுதான் அவர் வாயில் வரும். மனைவி லீலா சாக்லேட் கடையில் வேலை பார்த்தாள். பதினாறு வருஷம் கூட வாழ்ந்தும், கொரோனா இரண்டாவது அலையில் அவர் வேன் ஓட்டிய அந்த ஒரு மாதத்தைப் பற்றி அவளிடம் அவர் வாய் திறந்ததில்லை.

போன ஆனி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அது தொடங்கியது.

நாயுடுபுரத்தில் சுசித்ரா என்ற பெண் வீடு எடுத்துத் தங்கியிருந்தாள். பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. மாதம் இரண்டு ஞாயிறு அவளுடைய சிநேகிதர்கள் திண்டுக்கல்லிலிருந்து வருவார்கள். கல்லூரியில் பாடம் நடத்தும் புவனா, பேங்கில் வேலை பார்க்கும் பாலமுருகன், இன்னொருவர். பஸ் ஸ்டாண்டிலிருந்து அவர்களை ஏற்றிவந்து விடுவது சுரேந்திரனின் சோலி. அன்றைக்கு அந்த இன்னொருவர் வரவில்லை. இறக்கிவிட்டுத் திரும்பலாம் என்று பார்த்தால், வாசல் கேட்டே தெரியாத அளவுக்கு மூடுபனி இறங்கிவிட்டது.

"உள்ள வந்து உக்காருங்கண்ணே. எங்களுக்கும் ஒரு ஆள் கொறையுது" என்றாள் சுசித்ரா.

மேசைமேல் பென்சிலும் காகிதமும், இருபது முகம் வைத்த ஒரு பகடையும் இருந்தன. காய் இல்லை, கட்டம் இல்லை. இது என்ன விளையாட்டு என்று அவருக்குப் புரியவில்லை.

"நான் கதை சொல்லிட்டே வருவேன்ணே. அந்த எடத்துல நீங்க இருந்தா என்ன பண்ணுவீங்களோ அதச் சொல்லணும். அது நடக்குமா நடக்காதான்னு பகடை சொல்லும். அவ்வளவுதான்."

"என்ன கதைங்க?"

"செத்தவங்க எந்திரிச்சு வர்ற கதை. ஜோம்பி. நம்ம கொடைக்கானல்லதான் நடக்குது. கடிச்சா நாமளும் அப்படி ஆயிருவோம். உசுரோட கீழ எறங்கணும்."

அவர் எழுந்து போயிருக்கலாம். வெளியே போக வழியில்லை என்பதாலும், சுடச்சுடக் காப்பி கையில் இருந்ததாலும் உட்கார்ந்துவிட்டார்.

முதல் ஒரு மணி நேரம், அவரே நம்ப முடியாத அளவுக்கு, நன்றாக இருந்தது. பாலமுருகன் துப்பாக்கி வேண்டும், வாள் வேண்டும் என்று பரபரத்தான். சுரேந்திரன் கேட்ட முதல் கேள்வி, "வண்டியில டீசல் எம்புட்டு கெடக்கு?" என்பது. ஏரிக்கரையில் செத்தவர்கள் கூட்டமாக நிற்கிறார்கள் என்று சுசித்ரா சொன்னதும், "சத்தத்துக்குத்தானே வாராங்க? ஏலே தம்பி, சுடாத" என்று பாலமுருகனை அதட்டினார். வத்தலக்குண்டு ரோட்டில் போக வேண்டாம், எல்லாரும் அந்தப் பக்கம்தான் ஓடியிருப்பார்கள், வண்டி வண்டியாக நிற்கும் என்றார். இறக்கத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டுச் சத்தமில்லாமல் உருட்டிக்கொண்டு போகலாம் என்று யோசனை சொன்னார்.

"பிரேக் புடிக்குமாண்ணே?" என்றாள் புவனா.

"பழைய ஜீப்புங்க. கால்ல தெம்பிருந்தாப் போதும்."

பகடை பதினெட்டு விழுந்தது. மூன்று பேரும் கை தட்டினார்கள். கூட்டத்தின் நடுவே ஜீப் காற்றுப்போல நழுவி வெளியேறியது. சுரேந்திரன் வாய்விட்டுச் சிரித்தார்.

"இப்ப எந்த வழிண்ணே?"

"அடுக்கம் வழிதான். வெரசா பெரியகுளம் போயிரலாம்."

சொன்ன பிறகுதான், தான் சொன்னது அவர் காதில் விழுந்தது.

சுசித்ரா குரலைத் தாழ்த்தினாள். மழை தூறுகிறது என்றாள். பாதையின் இரண்டு பக்கமும் காப்பிச் செடி, வளைவில் பனி. எதிரே ஓர் ஆள் ஏறி வருகிறான். தனியாக, மெதுவாக. செத்த ஆள்தான். "இங்க ஒரு விதி இருக்கு. மொத மொதல்ல தனியா வர்ற ஆளு, நம்மள்ல ஒருத்தருக்குத் தெரிஞ்சவரா இருப்பாரு. யாருக்குன்னு பகடை போடுவோம்."

பகடை சுரேந்திரனைக் காட்டியது.

"அண்ணே, அது யாருன்னு நீங்கதான் சொல்லணும்."

அவர் பகடையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அந்த வளைவு தெரிந்தது. அந்தத் தூறல் தெரிந்தது. வந்த ஆளின் முகம் மட்டும் தெரியவில்லை.

"ரெண்டு பேருல ஒருத்தரு" என்றார்.

"அப்படின்னா?"

"எவருன்னு தெரியாது. சீட்டு மழையில நனைஞ்சிருச்சு."

"செம கதைண்ணே!" என்று தொடங்கிய பாலமுருகனின் கையைப் புவனா பிடித்து நிறுத்தினாள்.

சுசித்ராவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஆட்டத்தை நிறுத்தினால் அவரை இன்னும் சங்கடப்படுத்தும் என்று நினைத்திருப்பாள். "அவரு வண்டிகிட்ட வந்துட்டாரு. என்ன பண்றீங்க?" என்று மெல்லக் கேட்டாள்.

"இடிச்சுத் தள்ளிட்டுப் போயிரலாம்ணே" என்றான் பாலமுருகன், இந்தத் தடவை தணிந்த குரலில்.

"என்னால ஏலாது. நான் எறங்கிப் பேரு கேக்குறேன்."

"வாயத் தொறக்குறாரு. சத்தம் வரல."

"திரும்பக் கேக்குறேன்."

அவர் பகடையை எடுத்தார். உருட்டாமல் உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார். சுசித்ரா அதைக் கேட்டு வாங்கவில்லை. "அவரு உங்களக் கடிக்கல. உங்களத் தாண்டி மேல நடந்து போறாரு" என்றாள்.

"எங்க போறாரு?"

"வீட்டுக்கா இருக்கும்ணே."

"எந்த வீட்டுக்கு?"

வெளியே தகரக் கூரையில் மழை பிடித்துக்கொண்டது. அப்புறம் சுரேந்திரனே சொல்லத் தொடங்கினார்.

இரண்டாயிரத்து இருபத்தொன்று, மே மாதம். செத்தவர்களை ஏற்ற வண்டிக்காரர்கள் பயந்த நேரம். அப்போது தன்னிடம் இருந்த ஆம்னி வேனின் பின் சீட்டுகளைக் கழற்றிவிட்டு அவர் ஒப்புக்கொண்டார். பதினேழு பேரைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அதில் ஒருநாள், கீழே ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரே நடையில் இரண்டு பேர். அடுக்கத்து முத்துராஜ், கூக்கால் செல்வமுருகன். இரண்டும் ஒரே மாதிரிப் பை, ஏறக்குறைய ஒரே உயரம். அவர் உள்ளே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது ஆட்கள் மழையில் ஏற்றிவிட்டுப் போய்விட்டார்கள். மலை ஏறும் முன் பின்கதவைத் திறந்து பார்த்தார். பைமேல் ஒட்டியிருந்த இரண்டு சீட்டிலும் நீல மை வழிந்து கிடந்தது. ஒரு எழுத்துக்கூட மிஞ்சவில்லை.

"ஜிப்பத் தொறந்து பாத்திருக்கணும். அந்த ரெண்டு பேரையும் எனக்குத் தெரியாது. ஆனா அடுக்கத்துல முத்துராஜோட சம்சாரம் நின்னாங்க. முகத்த மட்டும் காமிங்கன்னு கேட்டாங்க. காமிச்சிருக்கலாம். நோவுக்குப் பயந்தேன். அதவிட, தொறந்து அது அவரு இல்லைன்னா அந்தம்மாகிட்ட என்ன சொல்றதுன்னு பயந்தேன். ரூல் இல்லைங்கன்னுட்டேன். முகம் எப்படி இருந்துச்சுன்னு கேட்டாங்க. தூங்குற மாதிரி இருக்காருன்னு சொன்னேன். நான் பாக்கவே இல்ல."

எது யாருடையது என்று தெரியாமலே அவர் இறக்கிக் கொடுத்த, முன்னால் கிடந்த பையை அடுக்கத்தில் புதைத்தார்கள். மற்றதைக் கூக்காலில். அன்றிலிருந்து அந்தப் பாதையில் போகும்போதெல்லாம், வண்டியின் பின் சீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்து அவர் தங்கள் பேரைச் சொல்வார் என்று காத்திருப்பது போல அவருக்குத் தோன்றும். கண்ணாடியைப் பார்க்காமலே ஓட்டுவார்.

"அவங்ககிட்ட சொல்லிட்டீங்களாண்ணே?" என்று புவனா கேட்டாள்.

"இல்லைங்க."



வீட்டுக்குப் போய் லீலாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு, "புதன்கெழம எனக்கு லீவு. நான் கூட வரவா?" என்று கேட்டாள். வேண்டாம், தனியாகவே போகிறேன் என்றார்.

புதன்கிழமை வெள்ளனே கிளம்பி அடுக்கம் போனார். முத்துராஜின் மனைவி ஆனந்தி ஒரு தோட்டத்துக் கொட்டகையில் பட்டர்புரூட் தரம் பிரித்துக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டாள். "நீங்கதானே அன்னைக்கு வேன் ஓட்டியாந்தது? உக்காருங்க, தண்ணி குடிக்கிறீங்களா?" என்றாள்.

தண்ணீரை வாங்காமல், நின்றபடியே சொல்லி முடித்தார்.

ஆனந்தியின் கை நிற்கவில்லை. ஒரு காயை அமுக்கிப் பார்த்தாள், கூடையில் வைத்தாள். அடுத்ததை எடுத்தாள். கூடை நிறைந்த பிறகுதான் பேசினாள்.

"நாலு வருசமா வெள்ளிக்கெழம தவறாம வெளக்கு வச்சுட்டு வாரேன். அங்க உக்காந்து வீட்டு விசயமெல்லாம் பேசிட்டு வாரேன். யாருகிட்டங்க பேசியிருக்கேன்?"

"தெரியலைங்கம்மா."

"தெரியலைன்னு நிக்கிறீங்களே, வெக்கமா இல்ல?"

"இருக்குங்க."

அவள் நிறைந்த கூடையை ஓரமாக நகர்த்தி வைத்தாள். பிறகு, "இன்னொருத்தரு எந்த ஊருன்னீங்க?" என்றாள்.

"கூக்கால்."

"வண்டி கொண்டாந்திருக்கீங்கள்ல?"

கையைக் கழுவிக்கொண்டு வந்து ஜீப்பின் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். வழியில் ஒரு கடையில் நிறுத்தச் சொல்லிச் செவ்வந்திப் பூ வாங்கினாள். சுரேந்திரன் அன்றைக்குக் கண்ணாடியைப் பார்த்தார். பின்னால் அவள் ஒருத்திதான் இருந்தாள், பூப்பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு.

கூக்காலில் செல்வமுருகனின் அண்ணன் மயில்சாமி பூண்டுக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தார். சுரேந்திரன் பேச வாயெடுத்ததும் ஆனந்தி தடுத்தாள். "நீங்க சும்மா இருங்க. நான் சொல்றேன்."

சொன்னாள். மயில்சாமி முதலில் அவள் முகத்தையும் பிறகு அவர் முகத்தையும் பார்த்தார். எழுந்து வந்து சுரேந்திரனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். சுரேந்திரன் கையை உயர்த்தவில்லை. சட்டையில் ஈரமண் அப்பியது. மயில்சாமி தன் கையையும் அந்தக் கறையையும் பார்த்துவிட்டு, என்ன தோன்றியதோ, விட்டுவிட்டார்.

ஏரிக்கு மேலே சரிவில் இருந்தது சமாதி. கல் ஒன்று நட்டிருந்தார்கள். ஆனந்தி பூவை வைத்துவிட்டுக் கும்பிடாமல் நின்றாள். கும்பிடலாமா கூடாதா என்று அவளுக்குத் தெரியவில்லை போலிருந்தது.

"தோண்டிப் பாத்துருவமா?" என்றார் மயில்சாமி.

அவள் யோசித்தாள். "பாத்து என்னண்ணே தெரியப்போகுது? நாலு வருச மழ எறங்கிருச்சு. தூங்குறது எவரா இருந்தாலும் தூங்கட்டும்."

மயில்சாமி அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். அவர் அழுது முடியும்வரை அவள் பக்கத்திலேயே இருந்தாள். சுரேந்திரன் சரிவுக்குக் கீழே, ஜீப்பருகில் காத்திருந்தார். அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று அவருக்குக் கேட்கவில்லை.

திரும்பி அடுக்கத்தில் இறங்கும்போது ஆனந்தி சொன்னாள்: "ஆடி அமாவாசைக்கு அந்தண்ணன் எங்க ஊருக்கு வாராரு. அங்கேயிருந்து பஸ்ஸு சரியா கெடையாது. நீங்கதான் கூட்டியாரணும்."

"சரிங்கம்மா."

"மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்கிறாதீங்க."

"நெனைக்கலைங்க."

சுசித்ராவின் வீட்டு ஆட்டம் இன்னும் நடக்கிறது. அதில் சுரேந்திரன் பிழைத்துவிட்டார். கூட வந்தவர்களைப் பெரியகுளம் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஒருவரையும் இடிக்கவில்லை, சுடவில்லை.

ஆடி அமாவாசையன்று மயில்சாமியை ஏற்றிக்கொண்டு அடுக்கம் போனார். அந்த வளைவில் பனி இருந்தது. ஆனந்தி இலை போட்டு, சோறும் இறந்துபோன இருவருக்கும் பிடித்த பண்டங்களும் கலந்து படைத்திருந்தாள். மயில்சாமி சமாதியருகே போய்க் குனிந்து, "செல்வமுருகா" என்று ஒரு தடவை கூப்பிட்டார். கொஞ்சம் பொறுத்து, ஆனந்தி "இந்தாங்க" என்று கூப்பிட்டாள், புருஷனை அழைக்கிற குரலில்.

இரண்டு பேரும் அப்படியே அசையாமல், காது கொடுத்தபடி நின்றார்கள். ஜீப்பருகே நின்ற சுரேந்திரனும் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டார்.