‘ஏதோ இருக்கிறம்’ என்றால் எத்தனை?

என் மனிசன் எட்வேட்டைப் பற்றி யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது, எதையும் எண்ணாமல் அவரால் இருக்க முடியாது என்பதைத்தான். பஸ்ஸுக்கு நிற்கும்போது வரிசையில் நிற்பவர்களை எண்ணுவார். பூசையில் சுவாமியார் பிரசங்கத்தில் எத்தனை தரம் ‘ஆகவே’ என்றார் என்று எண்ணிக்கொண்டு வந்து சொல்லுவார். மொஸ்கோவில் ஆறு வருசம் புலமைப்பரிசிலில் புள்ளிவிபரவியல் படித்த மனிதர். அந்தப் படிப்பு ரொறன்ரோவில் அவருக்கு வாங்கித் தந்தது ஓர் உணவகத்தின் பின்பக்கத்தில் கோப்பை கழுவுகிற வேலை. அங்கேயும் கோப்பைகளை எண்ணியிருப்பார், நான் கேட்கவில்லை.

எங்கள் ஊர் பாசையூரில் 85ஆம் ஆண்டு எங்களுக்குக் கலியாணம். அடுத்த வருசமே மேற்படிப்பு என்று திரும்பவும் மொஸ்கோவுக்குப் போனார். அங்கே காலம் கெட்டுப்போக, போலந்தில், வார்சோவில் ஒரு பேக்கரியில் பதினான்கு மாதம் மாக் குழைத்துக்கொண்டு கிடந்து, 90 முடிவில் கனடா வந்து சேர்ந்தார். என்னைக் கூப்பிட 94 ஆகிவிட்டது. நடுவில் எட்டு வருசம் கடிதத்தோடு போயிற்று. வந்திறங்கும்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. விமான நிலையத்தில் என்னைக் கண்டதும் “மெலிஞ்சு போனீர்” என்றார். எத்தனை கிலோ என்று சொல்லவில்லை. அதை நான் பாசம் என்று எடுத்துக்கொண்டேன்.

96 பங்குனியில் யங் வீதியில் ஒரு கருத்துக்கணிப்பு நிறுவனம் அவரை எடுத்தது. ரொறன்ரோவில் இருக்கிற போலந்துக்காரர், ரஷ்யர் முந்நூறு வீடுகளுக்கு ரெலிபோன் எடுத்து, இந்த ஊரில் வாழ்க்கை எப்படி என்று கேட்க வேண்டும். சித்திரையில் ஒருமுறை, புரட்டாதியில் அதே வீடுகளுக்கு இன்னொருமுறை. பதில் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் வர வேண்டும். ஒன்று என்றால் துளியும் திருப்தியில்லை, ஐந்து என்றால் முழுத் திருப்தி. இரண்டு பாஷையும் தெரிந்த ஆள் அவர் ஒருவர்தான். அறிக்கை ஒழுங்காக முடிந்தால் கணக்குப் பார்க்கிற பகுதியில் நிரந்தர வேலை என்று சொல்லியிருந்தார்கள். நாற்பத்துநாலு வயதில், படித்த படிப்புக்கு முதல் முதல் இருந்து வேலை பார்க்க ஒரு கதிரை. அந்தக் கதிரையை நினைத்தே அவர் சேர்ட்டை இரண்டு தரம் அயர்ன் பண்ணிக்கொண்டு போவார்.

முதல் கிழமையே குழம்பிப்போய் வந்தார்.

“ரஷ்யர் நம்பர் சொல்லுதுகளில்லை. ‘நர்மால்னா’ எண்டுதுகள். நம்பர் சொல்லுங்கோ எண்டா, அதுதானே சொன்னன் எண்டு கோவிக்குதுகள்.”

“அப்பிடியெண்டா என்ன?”

“வழமைபோல எண்டு வையுமன். கலியாண வீட்டிலை நிக்கிறவனும் அதைத்தான் சொல்லுவான், செத்த வீட்டிலை நிக்கிறவனும் அதைத்தான் சொல்லுவான்.”

“போலந்துக்காரர்?”

“அவை ‘ஸ்தாரா பியெதா’. பழைய தரித்திரம்தான் எண்டு அர்த்தம். புதுக் கார் வாங்கினவனும் அப்பிடித்தான் சொல்லுறான்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு நாட்டுச் சனமும் சொல்லிவைத்தாற்போல் ஒரு மனிசனைப் பைத்தியமாக்குகிறார்களே என்று நினைத்தேன். அவருடைய மேற்பார்வையாளர் ஜூடித் என்றொரு வெள்ளைக்காரி. அந்தச் சனத்தை உங்களுக்குத்தான் தெரியும், நீங்களே ஒரு முறையை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் மாற்றாதீர்கள் என்று சொல்லிவிட்டாளாம். அவர் குசினி மேசையில் படிவங்களைப் பரப்பிக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“இஞ்சேர் எமில்டா, கோயிலிலை ஆரும் எப்பிடிச் சுகம் எண்டு கேட்டா நீர் என்ன சொல்லுவீர்?”

“ஏதோ இருக்கிறம் எண்டுவன்.”

“அது எத்தினை?”

அந்தச் சித்திரையில் நான் சந்தோசமாக இருந்தேன். குளிர் விட்டிருந்தது. டொக்டர் தந்த குளிசையை ஒழுங்காகப் போட்டுக்கொண்டிருந்தேன். இந்த வருசம் எங்களுக்கு ஒரு பிள்ளை தங்கும் என்று நம்பினேன், அவரும் நம்பினார். “நாலு,” என்றேன். “அஞ்சு எண்டு சொன்னா நாவூறு பட்டிடும்.”

அவர் சிரிக்கவில்லை. நாலு என்று எழுதிக்கொண்டார். எல்லாம் ஒரே மாதிரிச் சொல்லுத்தானே என்று, நர்மால்னாவுக்கும் நாலு, பழைய தரித்திரத்துக்கும் நாலு.

ஆவணியில் நான் தனியாக டொக்டரிடம் போனேன். இனிப் பிள்ளைக்கு இடமில்லை என்றார் அவர். நாற்பது வயதுக்கு இது கொஞ்சம் முந்தித்தான், ஆனால் சிலருக்கு அப்படித்தான் என்று மெதுவாகச் சொன்னார். மார்க்கம் வீதியில் பஸ்ஸுக்கு நின்றேன். வந்த பஸ்ஸையெல்லாம் விட்டுக்கொண்டு நின்றேன். வீட்டுக்கு வந்து அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று எனக்கே விளங்கவில்லை. அவரில் கோபமா, அவர் பாவம் என்றா, இரண்டும்தானா, தெரியாது.

புரட்டாதியில் அவர் திரும்பவும் படிவங்களைப் பரப்பினார்.

“அளவுகோலை இன்னொருக்கால் சரிபாக்க வேணும். ஏதோ இருக்கிறம், இப்ப எத்தினை?”

“ரண்டு,” என்றேன். “அதுவும் கூடிப்போச்சு.”

ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டாரா? இல்லை. “சொல்லு மாறேல்லை, சொல்லின்ரை பெறுமதி மாறியிருக்கு” என்று தனக்குள்ளே பெரிய கண்டுபிடிப்புப்போல முணுமுணுத்துக்கொண்டு, நர்மால்னாவுக்கும் பழைய தரித்திரத்துக்கும் இந்தமுறை இரண்டு என்று எழுதினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கடுதாசியெல்லாத்தையும் அள்ளி பால்கனியால் வீச வேண்டும்போல இருந்தது.

கார்த்திகையில் அறிக்கையின் முதல் பிரதியைக் கொண்டுவந்து காட்டினார். ஒரு படம். ரஷ்யருக்கு நீலக்கோடு, போலந்துக்காரருக்குச் சிவப்புக்கோடு. சித்திரையில் இரண்டும் உயர நின்றன, புரட்டாதியில் படுகிடங்காய்க் கீழே கிடந்தன. ரஷ்யர் இப்படி மனமுடைந்ததற்குக் கோடையில் அவர்களுடைய நாட்டில் நடந்த தேர்தல் காரணமாக இருக்கலாம் என்று கீழே எழுதியிருந்தது. போலந்துக்காரருக்கு ஒரு காரணமும் அகப்படவில்லைப்போல. குளிர்காலம் நெருங்குகிறது என்று எழுதிவிட்டார்கள். நான் முதலில் சிரித்தேன். பிறகு படத்தைத் திரும்பப் பார்த்தேன். அது ரஷ்யரின் கோடும் இல்லை, போலந்துக்காரரின் கோடும் இல்லை. அது என்னுடைய கோடு. முந்நூறு வீட்டுச் சனம் என்ர வயிற்று விஷயத்தைத் தலையில் சுமந்துகொண்டு நிற்கிறது, அவர்களுக்கே தெரியாமல்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் இருண்ட முகத்தோடு வந்தார். ஜூடித்துக்குச் சந்தேகம் வந்து பழைய படிவங்களைப் பார்த்திருக்கிறாள். சித்திரையில் நர்மால்னாவுக்கு நாலு, புரட்டாதியில் இரண்டு. திங்கட்கிழமை இதற்கு ஏற்கக்கூடிய காரணம் சொன்னால் திருத்திக்கொள்ளலாம், இல்லாவிட்டால் கதிரையும் இல்லை, இருக்கிற வேலையும் இல்லை.

சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் நின்றார்.

“சித்திரையிலை நாலு எண்டனீர். புரட்டாதியிலை ரண்டு எண்டனீர். ஏன்?”

மூன்று மாதமாக நான் காத்திருந்த கேள்வி, ரஷ்யருக்காகத்தான் வந்தது. ஒரு பொய் நாக்கு நுனியில் நின்றது. கால் உளைவு, தலையிடி, ஏதாவது சொல்லியிருக்கலாம்.

“ஆவணியிலை டொக்டரிட்டைத் தனியப் போனனான். எங்களுக்கு இனிப் பிள்ளை பிறக்காதாம்.”

அவர் வாய் எதையோ எண்ணத் தொடங்கியது. மாதத்தையா, என் வயதையா தெரியாது. பாதியில் நின்றுவிட்டது.

“எட்டு வருசம் காக்க வைச்சனீங்கள்,” என்றேன். “முந்திக் கூப்பிட்டிருந்தா ஒண்டாவது இருந்திருக்கும்.”

சொல்லியிருக்கக்கூடாது. அவர் வார்சோவில் மாக் குழைத்ததும் எனக்காகத்தான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்லிவிட்டேன். அவர் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தண்ணீர் வெகுநேரம் ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது நானே சொன்னேன். “நாளைக்கு அவளிட்டை உள்ளதைச் சொல்லுங்கோ. வெள்ளைக்காரிதானே, எங்கடை சனத்துக்குக் கதை போகாது. அவளும் பொம்பிளை, விளங்கிக்கொள்ளுவாள். வேலை போகக்கூடாது.”

அவர் பஸ்ஸுக்கு நின்றவர்களை எண்ணத் தொடங்கினார்.

திங்கட்கிழமை பின்னேரம் இரண்டு மணிக்கே கதவு திறந்தது. அந்த நேரத்தில் அவர் வீட்டுக்கு வந்ததே இல்லை.

“என்னவாம்?”

“வேறை ஆளைக்கொண்டு எல்லா வீட்டையும் திரும்பக் கேக்கப் போகினம்.”

“உங்களை?”

“வேலையாலை நிப்பாட்டியாச்சு.”

“காரணம் சொன்னா திருத்தலாம் எண்டவை! நான் சொல்லச் சொன்னனானெல்லே, ஏன் சொல்லேல்லை?”

“கேட்டவை,” என்றார். “ரண்டு தரம் கேட்டவை. அது எங்கடை வீட்டு விஷயம், சொல்லேலாது எண்டிட்டன்.”

எனக்குக் கோபம்தான் வந்தது. பத்து வருசம் தேடின கதிரை, ஒரு வசனத்தில் போயிற்று. திட்டுவதற்கு வாயைத் திறந்தேன், அழுகை வந்தது. அவரும் அழுதார். அந்த ஒன்பதாம் மாடி அப்பாட்மென்றில் இரண்டு வருசமாக நாங்கள் சமைத்தோம், படுத்தோம், எழும்பினோம். எங்களுக்கு வீட்டு விஷயம் என்று ஒன்று இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.